சூடாகாத வண்டி: பழைய ஆட்டோமேட்டிக் காரில் தொலைந்த மைலேஜைத் தேடிய பதிவு

“இந்த வண்டி சூடாகவே ஆகாதுங்க. சித்திரை வெயிலில் சேலம் போய்த் திரும்பினாலும் முள் பாதியைத் தொடாது” என்று விற்றவர் பெருமையாகச் சொன்னபோது, அதை வண்டியின் ஆரோக்கியத்துக்குச் சான்றாகவே நானும் எடுத்துக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் ஐந்து மாதம் தேடிய கோளாறு அந்தப் பாராட்டுக்குள்ளேயே இருந்தது என்பதுதான் பிறகு தெரியவந்தது.

இடது முழங்காலில் தசைநார் அறுவை சிகிச்சை ஆன பிறகு, கோவை நகர நெரிசலில் கிளட்ச் மிதிப்பது எனக்கு இயலாமல் போயிற்று. ஆகவே 2025 ஜூன் மாதத்தில், 2014ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் சிறிய கார் ஒன்றை வாங்கினேன். ஓடியிருந்தது 71,000 கிலோமீட்டர். உடம்பில் துரு இல்லை. எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கியர் மாறும்போது உதறல் இல்லை. குறை இரண்டுதான். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைப்பதே பெரும்பாடு.

காட்டிய இடங்களிலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது. “ஆட்டோமேட்டிக்னா அப்படித்தானுங்க குடிக்கும். போதாததுக்கு இப்ப எத்தனால் பெட்ரோல் வேற.” இரண்டிலும் உண்மை உண்டு என்பதால் அந்தப் பதிலை மறுக்கவும் முடியவில்லை, முழுவதும் ஏற்கவும் மனம் வரவில்லை. எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் ஒட்டுமொத்த ஆற்றல் ஏறக்குறைய ஏழு விழுக்காடு குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும், பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்றே மதிப்பிட்டிருந்தது. அதாவது 15 கொடுக்க வேண்டிய வண்டி 14 கொடுக்கலாம். பத்து கொடுப்பதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முதல் வேலையாக, ஊகத்தை விட்டு அளவுக்கு வந்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், துப்பாக்கி தானாக நிற்கும் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்துவது, அதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றச் சொல்லாமலிருப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். வண்டியிலுள்ள திரை காட்டும் சராசரியை நம்பவில்லை. அப்போதுதான் டயரையும் கவனித்தேன். கதவருகில் ஒட்டியுள்ள தாளில் 165/65 ஆர்14 என்று இருக்க, முந்தைய உரிமையாளர் 175/65 ஆர்14 போட்டிருந்தார். கணக்கிட்டால் பழைய விட்டம் 570 மில்லிமீட்டர், புதியது 583. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 2.3 விழுக்காடு கூடுதலாகப் போகிறது, ஓடோமீட்டருக்கோ அது தெரியாது. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து நெடுஞ்சாலையில் சரிபார்த்தபோது, 100 கிலோமீட்டருக்கு வண்டி 97.8 என்றுதான் காட்டியது. எனவே இங்கே தரும் மைலேஜ் கணக்குகள் அனைத்தும் 1.023ஆல் பெருக்கித் திருத்தியவை. டயர் அளவு மாறிய பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சிறு கணக்கை முதலில் முடித்துவிடுவது நல்லது. இல்லாத நோய்க்கு மருந்து தேடும் அலைச்சல் மிச்சமாகும்.

திருத்திய பிறகும் நகரத்துக்குள் 9.8, கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் 10.9. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நகரத்தில் மைலேஜ் குறைவது இயல்பு; நின்று நின்று போகும் எந்த வண்டிக்கும் அது நேரும். ஆனால் சீராக எண்பதில் ஓடும் நெடுஞ்சாலையில், நகரத்தைவிட ஒரே ஒரு கிலோமீட்டர் மட்டும் கூடுவது இயல்பே அல்ல. பெட்ரோல் கெட்டிருந்தாலோ இன்ஜெக்டர் ஒழுகினாலோ இரண்டு எண்களும் சேர்ந்து விழ வேண்டும். இங்கே நெடுஞ்சாலை எண் மட்டும் தனியாக விழுந்திருந்தது. நெடுஞ்சாலையில் மட்டும் நடக்க வேண்டிய ஏதோ ஒன்று நடக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இருந்தாலும் எளிய வேலைகளை முதலில் முடித்தேன். ஏர் ஃபில்டர் கருத்து, மடிப்புகளுக்கிடையே அரசமரச் சருகு வரை சேர்ந்திருந்தது, மாற்றினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில், தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அதற்கென விற்கும் தெளிப்பானையும் மென்மையான துணியையும் கொண்டு துடைத்தேன். மின்சாரத்தால் இயங்கும் தகட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது என்பதால், குழாயைக் கழற்றிய நிலையில் எட்டிய வரை மட்டுமே துடைத்தேன். ஸ்பார்க் பிளக்குகளின் இடைவெளி 1.3 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தது, நான்கையும் மாற்றினேன். பிக்கப் ஓரளவு தெளிந்தது. மைலேஜில் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது பிரேக். சமமான சாலையில் நியூட்ரலில் உருட்டிப் பார்த்தபோது வண்டி சீக்கிரம் நின்றதாகத் தோன்றியது. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களையும் அளந்தேன். முன் வலது டிஸ்க் 58 டிகிரி; முன் இடது 92. ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டக் கூடாது), சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் நழுவ வேண்டிய இரண்டு பின்களில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. காலை எடுத்த பிறகும் பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றினேன். டயர் காற்றையும் கதவுத் தாளில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தேன். நகரம் 10.4, நெடுஞ்சாலை 11.6. முன்னேற்றம்தான். ஆனால் இரண்டுக்குமான இடைவெளி அப்படியே இருந்தது.

இந்தக் கட்டத்தில்தான், வண்டியின் கணினி தரும் எண்களைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பொருத்தில் செருகி, கைப்பேசியில் எண்களைப் பதிவுசெய்யத் தொடங்கினேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. கோளாறுக் குறியீடு எதுவும் சேமிக்கப்பட்டிருக்கவும் இல்லை. ஆகவே குறியீட்டைத் தேடாமல் வேகம், எஞ்சின் சுழற்சி (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கூலன்ட் எனும் குளிரூட்டும் திரவத்தின் வெப்பம் ஆகிய மூன்றை மட்டும் வரைபடமாக ஓடவிட்டு, அவிநாசி வரை போய்த் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தபோது, விற்றவரின் சொல் நினைவுக்கு வந்தது. சிக்னலில் நிற்கும்போது கூலன்ட் 80ஐத் தாண்டுகிறது. நெடுஞ்சாலையில் ஏறியதும், காற்று வேகமாக அடிக்க அடிக்க, 74, 68, 63 என்று இறங்கி, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 60 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சரியான எஞ்சினில் இப்படி நடக்காது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. அதற்குள் அடைத்திருக்கும் மெழுகு, சூட்டில் உருகி விரியும்போதுதான் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். அதனால் நகரமோ நெடுஞ்சாலையோ, மார்கழியோ சித்திரையோ, எஞ்சின் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். என் வண்டியில் அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது.

மைலேஜுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது இரட்டை அடி. முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெளிக்கப்படும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல் சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், கட்டுப்பாட்டுக் கணினி கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துக் கூடுதலாகத் தெளிக்கிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. என் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை அடித்ததன் காரணமும் இதுவே. இரண்டாவது, டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய்தான்; ஒரு விசிறி இன்னொரு விசிறியை எண்ணெயால் சுழற்றுவது போல. அந்த இணைப்பில் எப்போதும் கொஞ்சம் நழுவல் இருக்கும், நழுவும் ஆற்றல் எண்ணெயைச் சூடாக்கி வீணாகும். இதைத் தவிர்க்கத்தான், சீரான வேகத்தில் ஓடும்போது லாக்-அப் கிளட்ச் ஒன்று உள்ளே பிடித்துக்கொண்டு, இரண்டையும் இரும்போடு இரும்பாக இணைத்துவிடுகிறது. எஞ்சின் போதிய சூடேறும் வரை அந்தக் கிளட்சைக் கணினி பிடிக்கவிடாது. நெடுஞ்சாலையில் அறுபதிலேயே நிற்கும் எஞ்சின், கணினியைப் பொறுத்தவரை, விடியற்காலையில் இப்போதுதான் கிளப்பிய எஞ்சின்.

லாக்-அப் பிடிக்கிறதா என்பதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேராக நீளும் சாலையில், எண்பதில் சீராகப் போகும்போது, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக் மிதியை இடது காலால் லேசாகத் தொட வேண்டும். பிரேக் தொட்டதும் கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். அது பிடித்திருந்தால் சுழற்சி இருநூறு முந்நூறு ஏறும். என் வண்டியில் தொடுவதற்கு முன்பும் 2,550, தொட்ட பின்பும் 2,550. விடுவிப்பதற்கு அங்கே எதுவும் பிடித்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு வேலையைத் தொடங்கினேன். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தபோது வந்தது பச்சையோ சிவப்போ அல்ல, செம்மண் நிறத் தண்ணீர். யாரோ கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய் நீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெரு நாய்கள் நக்கி இறந்துபோகும். எவ்வளவு நீர்த்திருந்தாலும் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து வைத்தேன். ரேடியேட்டர் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில், இரண்டு பத்தாம் நம்பர் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே, ஒழுகாமலிருக்க ஒரு கேஸ்கெட் மட்டும் வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

“நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க அது” என்று சொல்லிக் கழற்றி வீசும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வழக்கம். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், எஞ்சினுக்கு வேண்டிய 90 டிகிரிக்கு அது ஐம்பது குறைவுதான். நம் ஊர் வெயில் எஞ்சினைப் பொறுத்தவரை குளிர்காற்றே. கழற்றியவரைக் குறை சொல்லி நிறுத்துவதிலும் பயனில்லை. அவர் ஏன் கழற்றினார் என்று கேட்காமல் புதியதைப் பொருத்தினால், அவர் மறைத்த கோளாறு மறுபடி தலைதூக்கும். வண்டி ஒரு காலத்தில் கொதித்திருக்க வேண்டும், அதனால்தான் கழற்றியிருப்பார்.

ஆகவே புதியதைப் பொருத்துவதற்கு முன் குளிரூட்டும் அமைப்பு முழுவதையும் பார்த்தேன். ரேடியேட்டரின் முன்பக்க இதழ்களில் பஞ்சும் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தன. பின்பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை அடித்துக் கழுவினேன். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மின்விசிறி இரண்டு வேகங்களில் ஓட வேண்டியது, மெதுவேகம் ஓடவேயில்லை. அதற்கான ரெசிஸ்டர் எரிந்து கருகியிருந்தது. நெரிசலில் கொதித்ததற்கு இதுவே மூலமாக இருந்திருக்கும் என்பது என் முடிவு. மூடியையும் ரெசிஸ்டரையும் மாற்றி, ரேடியேட்டரில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஓடவிட்டு வடிப்பதை மூன்று முறை செய்தேன். மூன்றாம் முறை நிறம் தெளிந்தது.

புதிய தெர்மோஸ்டாட், ஓ-ரிங்கோடு சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருந்தது. புதியது என்று நம்பிப் பொருத்தாமல், சமையலுக்குப் பயன்படாத அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்துச் சூடாக்கினேன். 83இல் மெல்லிய பிளவு தெரிந்தது. 95இல் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் திறந்து நின்றது. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. பொருத்தும்போது காற்று வெளியேறுவதற்கான சிறு ஆட்ட ஊசி மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் அடியில் சிக்கி, வால்வு சூடு தெரியாமல் மூடியே இருந்துவிடும்.

கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினேன். காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை வேண்டியிருந்தது. வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தபடியே ஆறிய எஞ்சினைக் கிளப்பி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக்கொண்டே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டேன். குமிழ்கள் நின்று, ஹீட்டர் சீராகச் சூடு காற்று வீசத் தொடங்கி, மின்விசிறி மெதுவேகத்தில் ஒருமுறை ஓடி நின்ற பிறகுதான் மூடியை மூடினேன். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நான் முதலிலிருந்தே திறந்துவைத்திருந்ததால் அழுத்தம் சேரவில்லை. பெட்ரோல் கலந்த எஞ்சின் ஆயிலையும் அன்றே மாற்றிவிட்டேன்.

அன்று மாலை அதே அவிநாசிச் சாலை. கூலன்ட் ஏழு நிமிடத்தில் 85ஐத் தொட்டு, நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் 86க்கும் 90க்கும் இடையிலேயே நின்றது. எண்பது வேகத்தில் நான்காம் கியர் விழுந்து சில நொடிகளில், இன்னொரு கியர் மாறியது போன்ற மெல்லிய அழுத்தம் ஒன்றை உணர்ந்தேன். சுழற்சி 2,550இலிருந்து 2,300க்கு இறங்கியது. பிரேக்கைத் தொட்டால் ஏறியது. விட்டால் சற்று நேரத்தில் இறங்கியது. ஐந்து மாதமாக என்னிடம் இருந்த வண்டியின் லாக்-அப்பை அன்றுதான் முதன்முறையாகச் சந்தித்தேன். அடுத்த மூன்று டேங்குகளின் சராசரி: நகரம் 11.8, நெடுஞ்சாலை 15.2.

கியர்பாக்ஸ் எண்ணெயையும் பிறகு மாற்றினேன். எஞ்சின் ஓடும் நிலையில், சூடான பிறகு, எல்லா நிலைகளிலும் லீவரை ஒருமுறை கொண்டுசென்று மீண்டும் ‘பி’யில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தபோது, அளவு சரியாக இருந்தாலும் நிறம் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது, கருகிய வாடை இல்லை. எந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவ ஒப்பவில்லை. பழைய கியர்பாக்ஸில் ஆண்டுக்கணக்கில் தங்கிய துகள்களைக் கிளப்பிவிடும் என்ற அச்சமே காரணம். அடித் திருகைத் திறந்து வடிந்ததை அளந்தேன்: 3.4 லிட்டர். கையேட்டில் சொன்ன வகை எண்ணெயை அதே 3.4 லிட்டர் ஊற்றினேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. மைலேஜ் நகரவில்லை; இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவது மட்டும் மென்மையானது.

பிக்கப்பைப் பற்றியும் எண்ணோடு சொல்ல வேண்டும். நாற்பதிலிருந்து எண்பதுக்கு, முழு ஆக்சிலரேட்டரில், வாங்கிய வாரத்தில் 11.5 நொடி எடுத்தது, இப்போது 9.6. இதில் பெரும்பங்கு பிரேக் உரசல் நீங்கியதாலும், பிளக்குகளாலும், ஃபில்டராலும் கிடைத்ததாகவே கருதுகிறேன். தெர்மோஸ்டாட் போட்ட பிறகு கூடியது அரை நொடிக்கும் குறைவு.

டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறினேன். நால்வர், அவர்களின் பெட்டிகள், ஏசி அணைத்த நிலை. ‘டி’யில் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே கியர் அலைபாய்ந்ததால், லீவரை ‘2’இல் வைத்தே பெரும்பாலும் ஏறினேன். முழு ஏற்றத்திலும் கூலன்ட் 97ஐத் தாண்டவில்லை. மின்விசிறி வரைபடத்தில் ஐந்து முறை ஓடி நின்றிருந்தது. இறங்கும்போதும் ‘2’ தான். கீழே கல்லாற்றில் நிறுத்தி நான்கு சக்கரங்களையும் அளந்ததில், முன் இரண்டுக்கும் இடையே ஏழு டிகிரி வேறுபாடு மட்டுமே இருந்தது. இடதுபுறமே இன்னும் சற்றுக் கூடுதல். அந்தக் கேலிப்பரை அடுத்த மாதம் முழுவதும் பிரித்து, பிஸ்டன் ரப்பரை மாற்ற வேண்டும். ரப்பர் தொகுப்பு வாங்கி வைத்தாயிற்று.